நரம்பில் தொடங்கி மனம்வரை

கில்லன் பாரே நோயைப் பற்றி மருத்துவ மாணவர்கள் படிக்கும் முதல் பாடங்களில் ஒன்று இது: கால் தளரும், கை தளரும், விழுங்கும் தசையும் மூச்சுத் தசையும் தளரும், அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். மூளையைத் தாக்கும் நோய்களிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளமாகவே அந்தத் தெளிவு கற்பிக்கப்படுகிறது. நோய் புற நரம்புகளில்தானே இருக்கிறது, மூளைக்கும் மனத்துக்கும் அதில் என்ன வேலை என்று கேட்பது இயல்பு.

பாடம் பெரும்பாலும் சரிதான். ஆனால் நோய் கடுமையாகி ஐ.சி.யூ.வுக்கு வந்துசேர்பவர்களைப் பொறுத்தவரை அது தடுமாறுகிறது. அவர்களில் பலர் இல்லாத ஆட்களைப் பார்க்கிறார்கள். கட்டில் சாய்வதாக உணர்கிறார்கள். செவிலியர் தங்களைக் கொல்லப் பார்ப்பதாக உறுதியாக நம்புகிறார்கள். குணமாகி வீடு திரும்பிய பிறகும் இதைச் சொல்லத் தயங்குகிறார்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நரம்பு நோயில் மனம் கலங்குவதை நோயின் ஓர் அறிகுறியாகவே படிக்க வேண்டும், அது எந்த வழியாக வந்தது என்று தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்படித் தேடாதபோது சில நேரம் நோயாளியின் உயிரே போகிறது.

கில்லன் பாரே உலகில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் நோய். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து சில வாரங்களில், அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் ஆள் மாறி நம் நரம்புகளையே தாக்குவதால் உண்டாகிறது. 2025 தொடக்கத்தில் புனே நகரில் 200-க்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் கண்டபோது நம் நாளிதழ்களிலும் இதன் பெயர் அடிபட்டது. பாதிக்கப்படுபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறி நடந்துவிடுவார்கள்.

நோய்க்குப் பெயர் தந்தவர்கள் முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்களாக இருந்த கில்லனும் பாரேயும். 1916-இல் ஸ்ட்ரோல் என்ற சக மருத்துவருடன் சேர்ந்து, கைகால் தளர்ந்து பின்னர் தேறிய இரண்டு படைவீரர்களைப் பற்றி எழுதினார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் புரதம் ஏறியிருந்தது, அணுக்கள் ஏறவில்லை. இந்த முரண்தான் நோயின் முத்திரை ஆயிற்று. அந்தப் புரதம் இக்கதையில் மறுபடி வரும்.

கனவு விழிப்புக்குள் நுழையும்போது

2001 ஆகஸ்டிலிருந்து 2003 மார்ச்வரை பிரான்சில் ஓர் ஆய்வு நடந்தது. வலேரி கோஷன், இசபெல் ஆர்னுல்ஃப் ஆகியோர் அடங்கிய குழு, ஐ.சி.யூ.வில் இருந்த 139 கில்லன் பாரே நோயாளிகளின் மனநிலையை நேரடியாகக் கவனித்துப் பதிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே சூழலில் வேறு நோய்களுக்காகப் படுத்திருந்த 55 பேரையும் சேர்த்துக்கொண்டது. முடிவுகள் 2005-இல் 'பிரெய்ன்' இதழில் வெளியாயின.

கில்லன் பாரே நோயாளிகளில் 31 விழுக்காட்டினருக்கு மனநிலை மாற்றம் இருந்தது. மற்றவர்களில் 16 விழுக்காடு. மாற்றம் கண்டவர்களில் பத்தில் எழுவருக்குப் பொய்யான உறுதி நம்பிக்கைகள் இருந்தன. தனக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்ற வகையே அவற்றில் அதிகம். பத்தில் அறுவர் இல்லாததைக் கண்டார்கள். மூவருக்கு உடல் சாய்வது போன்ற மயக்க உணர்வுகள். நோய் தொடங்கி, நடுமதிப்பாக ஒன்பதாம் நாளில் இவை தலைகாட்டி, எட்டு நாள் நீடித்து மறைந்தன. நோய் உச்சத்துக்கு ஏறும் காலமும் அதுவே.

ஐ.சி.யூ.வில் படுத்தால் யாருக்கும் புத்தி கலங்கும் என்று ஒருவர் மறுக்கலாம். அணையாத விளக்கு, ஓயாத அலாரம், இரவும் பகலும் தெரியாத அறை, மயக்க மருந்து எல்லாம் சேர்ந்து மனிதரைக் குழப்பும். அந்தக் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். ஒப்பீட்டுக் குழுவின் 16 விழுக்காட்டில் அதன் பங்கு தெரிகிறது. ஆனால் கில்லன் பாரேவில் மனநிலை மாற்றம் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தது. ஏழு பேருக்கு ஐ.சி.யூ.வுக்குள் நுழையும் முன்பே இந்த அறிகுறிகள் தொடங்கியிருந்தன. இன்னொரு வேறுபாடும் உண்டு. டெலிரியத்தில் கவனம் சிதறும், இடமும் நேரமும் தப்பும். இவர்களோ பல நேரம் பேச்சில் தெளிவாக இருந்தபடியே, கண்ணை மூடிய உடனே காட்சிகளைக் கண்டார்கள்.

கண்ணை மூடியதும் காட்சி வருவது ஆய்வாளர்களைத் தூக்கத்தின் பக்கம் திருப்பியது. நாம் கனவு காணும் தூக்கத்தில் விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும். மூளைத்தண்டு மற்றத் தசைகளை எல்லாம் தளர்த்திக் கட்டிப்போட்டுவிடும். கனவில் ஓடும்போது நிஜக்கால் ஓடாதது இதனால்தான். ஆரோக்கியமானவர் தூங்கத் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்தே இந்தக் கட்டத்துக்குள் செல்வார். குழு 13 கில்லன் பாரே நோயாளிகளுக்குத் தலையில் மின்முனைகள் ஒட்டித் தூக்கத்தைத் தொடர்ந்து பதிவு செய்தது. ஏழு பேர் மாயக்காட்சி கண்டவர்கள், ஆறு பேர் காணாதவர்கள். வேறு காரணங்களால் கைகால் நான்கும் செயலிழந்த ஆறு ஐ.சி.யூ. நோயாளிகளும் ஒப்பீட்டுக்கு இருந்தார்கள்.

எல்லாருடைய தூக்கமும் குறுகியும் துண்டுபட்டும்தான் இருந்தது. ஆனால் காட்சி கண்டவர்கள் கனவுக் கட்டத்தை அடைய எடுத்துக்கொண்ட நேரம் சராசரியாக 56 நிமிடம். காணாதவர்களுக்கு 153, ஒப்பீட்டுக் குழுவுக்கு 207. காட்சி கண்டவர்களில் பெரும்பாலோர் விழிப்பிலிருந்து நேராகக் கனவுத் தூக்கத்துக்குள் விழுந்தார்கள். அந்தக் கட்டத்தில் தளர வேண்டிய தசைகளும் தளரவில்லை. விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம் என்று தனித்தனியே இருக்க வேண்டிய மூன்று நிலைகளும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகுந்திருந்தன. மனநிலை சீரானபோது தூக்கப் பதிவும் சீராயிற்று. அறையும் விளக்கும் அலாரமும் மாறாதிருந்தும் தூக்கம் மட்டும் திருந்தியதால், ஐ.சி.யூ. சூழலை மட்டும் குற்றம் சொல்ல இடமில்லாமல் போனது.

புற நரம்பு நோய் கனவின் கதவை எப்படித் திறக்கிறது? முழு விடை இல்லை. மூன்று தடயங்கள் உண்டு. முதலாவது, தன்னியக்க நரம்புகள். மனக்கலக்கம் கண்டவர்களில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் தாறுமாறாக ஏறி இறங்குவது அதிகம். வென்டிலேட்டரில் இருப்பதும் தண்டுவட நீரில் புரதம் மிகுவதும் மற்ற இரண்டு ஆபத்துக் காரணிகள். 1916-இல் நோயின் முத்திரையாகக் கண்ட அதே புரதம், ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு மனக்கலக்கத்தின் முன்னறிவிப்பாகவும் தெரியவந்தது. இரண்டாவது, ஹைப்போகிரெட்டின். மூளையின் ஹைப்போதலாமஸ் சுரக்கும் இந்தப் பொருள் விழிப்பை நிலைநிறுத்துவது. பகலில் திடீர் திடீரென்று தூக்கத்தில் விழும் நார்கோலெப்சி நோயில் அது ஏறத்தாழ வற்றிப்போகும். காட்சி கண்ட கில்லன் பாரே நோயாளிகளிடம் அது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது: மில்லிலிட்டருக்கு 664-க்கு எதிரே 555 பிகோகிராம். ஆனால் நார்கோலெப்சிக்கு வைத்திருக்கும் எல்லை 110. இந்த எண்களோ இயல்பு வரம்புக்குள்ளேயே உள்ளன, அளந்ததும் 20 பேரிடம்தான். ஹைப்போதலாமஸ் இலேசாகத் தொடப்பட்டிருக்கலாம் என்ற குறிப்பாக மட்டுமே இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது தடயம் எளிது, அதனாலேயே கவனிக்கப்படாமல் போவது. நரம்புகள் கட்டளையைக் கொண்டுபோவதோடு செய்தியையும் கொண்டுவருகின்றன. கால் எங்கே இருக்கிறது, முதுகின் கீழே படுக்கை எப்படி அழுத்துகிறது என்று நொடிதோறும் மூளைக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கும். அது நின்றுவிட்டால் மூளை சும்மா இருப்பதில்லை. தானே இட்டு நிரப்புகிறது. கை வெட்டப்பட்டவர் இல்லாத கையில் வலி உணர்வதும், பார்வை இழந்த முதியவர் பூக்களையும் முகங்களையும் காண்பதும் இந்த வகைதான். கட்டில் சாய்வதாகச் சொல்லும் கில்லன் பாரே நோயாளியையும் இவர்களோடு சேர்த்துப் பார்க்க இடமிருக்கிறது.

எல்லாக் கலக்கமும் கனவல்ல

இந்த ஆய்வைப் படித்துவிட்டு, நோயாளி உளறினால் கனவுதான், எட்டு நாளில் போய்விடும் என்று இருந்துவிட்டால் அது பெரும் பிழையாகிவிடும். அதே படுக்கையில் அதே நோயாளிக்கு வேறு வழிகளிலும் கலக்கம் வரும். அவற்றில் சில மணிக்கணக்கில் கொல்பவை.

மூச்சுத் தசை தளரும்போது கரியமில வாயு உடலில் தேங்குகிறது. நோயாளி மந்தமாகிறார், தூங்கி வழிகிறார். இரண்டு நாளாகத் தூங்காதவர் இப்போதுதான் கண் அயர்ந்தார் என்று உறவினர் நிம்மதி அடைகிறார்கள். ஆக்சிஜன் வைத்திருந்தால் விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இதை முன்கூட்டிப் பிடிக்கக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு: ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது. காலையில் முப்பதுவரை எண்ணியவர் மாலையில் பதினைந்தில் நிறுத்தினால் வென்டிலேட்டரைத் தயார் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் பதற்றம் தணிய என்று தூக்க ஊசி போடுவது மீதியிருக்கும் மூச்சையும் நிறுத்திவிடும்.

ரத்தத்தில் சோடியம் குறைவது இன்னொரு வழி. நீரைத் தேக்கும் ஹார்மோன் இந்த நோயில் அளவுக்கு மீறிச் சுரப்பது அரிதல்ல. சோடியம் இறங்கினால் குழப்பமும் வலிப்பும் வரும். தன்னியக்க நரம்பு தடுமாறி ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும்போது மூளையின் பின்பகுதி வீங்கிப் பார்வை மங்கி வலிப்பு வருவதும் உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் மாத்திரைகளே முதியவர்களைக் குழப்பும். இவை ஒவ்வொன்றும் ஒரு ரத்தப் பரிசோதனையிலோ, ஒரு ஸ்கேனிலோ, மருந்துச் சீட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பதிலோ பிடிபடுபவை.

நோயே மூளைத்தண்டுக்குள் ஏறும் வழியும் இருக்கிறது. 1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மருத்துவர்கள் பிக்கர்ஸ்டாஃப், குளோக் இருவரும் கண் அசையாமல், தள்ளாடி, தூக்கத்தில் ஆழ்ந்த நோயாளிகளை விவரித்தார்கள். 1956-இல் மில்லர் ஃபிஷர் என்ற கனடிய மருத்துவர் கண் அசைவும் நடையும் கெட்டு, முழங்கால் தட்டும் அனிச்சையும் மறைந்த மூன்று பேரைப் பற்றி எழுதினார். முதலாவது மூளை நோய் என்றும் இரண்டாவது புற நரம்பு நோய் என்றும் நெடுங்காலம் தனித்தனி அலமாரிகளில் வைக்கப்பட்டிருந்தன. 1992-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மில்லர் ஃபிஷர் நோயாளிகளின் ரத்தத்தில் ஜி.க்யூ.1பி என்ற கொழுப்புப் பொருளைத் தாக்கும் எதிர்ப்புப் புரதத்தைக் கண்டார்கள். பிக்கர்ஸ்டாஃப் நோயாளிகளில் பலரிடமும் அதே புரதம் இருப்பது பின்னர் தெரிந்தது. தாக்குதல் கண்ணை அசைக்கும் நரம்பில் நின்றுவிட்டால் ஒரு பெயர், விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டுவரை போனால் இன்னொரு பெயர். புறம், மையம் என்று நாம் போட்ட கோடு உடற்கூறுப் புத்தகத்துக்கு வசதியானது. எதிர்ப்புப் புரதம் அதைப் பார்த்து நடப்பதில்லை.

மாஸ்கோவும் கோலாலம்பூரும்

புறம், மையம் என்ற இந்தக் கோட்டை வெகு முன்பே சந்தேகித்தவர் செர்கேய் கோர்சகோவ் என்ற மருத்துவர். இன்று அவர் பெயர் குடிநோயாளிகளின் நினைவிழப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் 1887-இலும் அதையடுத்த ஆண்டுகளிலும் மாஸ்கோவில் அவர் எழுதியவை, உடலெங்கும் நரம்பழற்சி கண்டு கைகால் தளர்ந்தவர்களின் மனநிலையைப் பற்றியவை. நோயாளி நன்றாகப் பேசுவார், சீட்டோ சதுரங்கமோ ஆடுவார். பலகையை எடுத்துவிட்டால் ஆடியதே நினைவிருக்காது. இடைவெளியை நடக்காத சம்பவங்களால் நிரப்பிச் சொல்வார். குடிப்பழக்கமே இல்லாத, பிரசவத்துக்குப் பின்னோ காய்ச்சலுக்குப் பின்னோ இப்படி ஆனவர்களையும் அவர் கண்டார். ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு நஞ்சு நரம்பையும் மூளையையும் சேர்த்தே தாக்குகிறது என்பது அவருடைய முடிவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதில் அவர் சரி. நஞ்சு என்பதில்தான் தவறினார். அங்கே இருந்தது ஒரு பொருளின் இன்மை.

அந்தப் பொருளைத் தேடிய கதையில் தமிழருக்கும் பங்குண்டு. மலாயாவின் தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயில் கால் மரத்து, நடக்க முடியாமல், இதயம் வீங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே நாட்டின் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு நோய் அபூர்வம். பிராடன் என்ற மருத்துவர் வேறுபாட்டை அரிசியில் கண்டார். சீனர் தீட்டிய சயாம் பச்சரிசி உண்டனர். தமிழர் ஊரிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. இதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். சோதனை நடந்த இடம் கோலாலம்பூர் மனநோய் விடுதி, காலம் 1905-06. விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசியும் மறு பாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி வந்து 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் யாருக்கும் நோய் புதிதாக வரவில்லை. கேள்வி கேட்க முடியாத மனிதர்கள்மீது நடந்த இந்தச் சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற பி1 வைட்டமின் அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போகாது. பெரிபெரியை ஆராயக் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு பிரிவு வளர்ந்துதான் இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1936-இல் தயமினைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில்.

குளுக்கோஸை எரித்து ஆற்றலாக்க நரம்புக்கும் மூளைக்கும் தயமின் வேண்டும். குறைந்தால் காலில் நரம்பு கெடும், மூளையின் நடுப்பகுதியில் நினைவைக் காக்கும் இடங்களும் கெடும். கடுமையாகக் குடிப்பவர்கள், கர்ப்ப கால வாந்தி நிற்காத பெண்கள், உடல் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள் இன்று இதற்கு ஆளாகிறார்கள். சோர்ந்துபோய் வருபவருக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்பது நம் ஊர் வழக்கம். தயமின் வற்றியவருக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை மேலும் கெடலாம். தயமின் ஊசி முன்னே, குறைந்தது கூடவே, போக வேண்டும். இது எவ்வளவு தவறவிடப்படுகிறது என்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஹார்ப்பரும் சகாக்களும் 1986-இல் காட்டினார்கள். பிரேதப் பரிசோதனையில் தயமின் குறைவால் வரும் இந்த மூளை நோய் உறுதியான 131 பேரில், உயிரோடிருந்தபோது கண்டறியப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான்.

மனநோய் என்று முடிவுகட்டியபின்

மனக்குழப்பம் முதலில் வந்து நரம்புத் தளர்வு பின்னால் வரும் நோய்களில் ஆபத்து இன்னும் கூடுதல். அக்யூட் போர்ஃபிரியா அப்படி ஒன்று. ரத்தத்தின் சிவப்புப் பொருளைக் கட்டும் தொடரில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வரும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. கூடவே பதற்றம், சந்தேகம், மாயக்காட்சி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாததால் நோயாளி நடிக்கிறார், அல்லது மனநோயாளி என்று எழுதப்படுகிறது. முன்பெல்லாம் அமைதிப்படுத்த பார்பிச்சுரேட் வகைத் தூக்க மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்து நோயைத் தூண்டி விடுவது. சில நாட்களில் கைகால் விழுந்து மூச்சும் நின்றது. ஸ்வீடனின் வால்டென்ஸ்ட்ரோம் 1937-இல் 103 நோயாளிகளைத் தொகுத்து இந்த நோயின் முகத்தைத் தெளிவாக்கினார். வெளிச்சத்தில் வைத்த சிறுநீர் கருஞ்சிவப்பாக மாறுவது இன்றும் நல்ல தடயம்.

பி12 குறைபாடு நம் வீடுகளுக்கு அருகில் இருப்பது. பால், தயிர்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவினர், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவர்கள், வயதானவர்கள் இதற்கு ஆளாகலாம். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின் கணக்கிலும், மறதியையும் எரிச்சலையும் வயதின் கணக்கிலும் எழுதிவிடுவதால், இரண்டையும் இணைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யப்படாமலே போகிறது. ரத்தசோகை இல்லையே, பி12 குறைவாக இருக்காது என்று சொல்பவர்களுக்கு லிண்டன்பாம் குழு 1988-இல் பதில் தந்தது: பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்கு ரத்தசோகையோ சிவப்பணு பெருத்தலோ இல்லை.

பிரான்சின் பிரிட்டனி பகுதி மருத்துவர் மோர்வன் 1890-இல் விவரித்த நோயில் நரம்பு தளர்வதற்குப் பதிலாக அடங்காமல் துடிக்கிறது. தசைகள் தோலுக்கடியில் புழுப்போல் நெளியும், வியர்வை கொட்டும், தூக்கம் வாரக்கணக்கில் வராது, விழித்தபடியே கனவுக்காட்சிகள் தோன்றும். இதிலும் நரம்பு முனையையும் மூளையையும் ஒரே எதிர்ப்புப் புரதமே தாக்குகிறது. பாதரசம் சேர்ந்த மருந்துகளை உட்கொண்டவர்களிடம் இத்தகைய அறிகுறிகளை இந்திய மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். விழித்தபடி காட்சி காணும் ஒருவரை முதலில் கோயிலுக்கோ மனநல மருத்துவரிடமோதான் கூட்டிப்போவார்கள். சட்டையைக் கழற்றித் தசையைப் பார்ப்பவரே நோயைப் பிடிப்பார்.

உணர்வு போன கை யாருடையது?

மூளையில் எந்தத் திசுவும் கெடாமலே மனம் மாறும் வழிக்குத் தொழுநோய் சான்று. மனித நரம்பைக் கிருமி நேரடியாகப் புகுந்து அழிக்கும் நோய் அது. வேலூரில் பால் பிராண்ட் 1940-களின் இறுதியிலிருந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கின்றன என்று நிறுவியவர்களில் அவர் முதன்மையானவர். உணர்வு இழந்த கையையும் காலையும் நோயாளிகள் தங்களோடு ஒட்டாத கருவிகளைப் போலப் பாவிப்பதையும் அவர் கவனித்து எழுதினார். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். இதை அக்கறையின்மை என்று திட்டுவது எளிது. வலி என்ற செய்தி நின்ற இடத்தில், இது என் உடல் என்ற எண்ணமும் தேய்கிறது என்பதே உண்மை.

அதன் மேல் ஊர் விலக்கியது, குடும்பம் ஒதுக்கியது, வேலை போனது என்று சமூகம் தன் பங்கைச் சேர்க்கிறது. தொழுநோயாளிகளிடம் மனச்சோர்வு மிகுவதற்கு இதுவே பெரிய காரணம். சிகிச்சைக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டும், அரிதாக டாப்சோனும் மனநிலையைக் குலைக்கக்கூடும் என்பதால், எந்தத் துயரம் மருந்தால் வந்தது, எது மனிதரால் வந்தது என்று இங்கேயும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெளிந்த மனம், அசையாத உடல்

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். கில்லன் பாரே மிக வேகமாக முற்றும் சிலருக்கு முகம், கண், கருமணி உட்பட எதுவும் அசையாமல் போகிறது. வெளிச்சம் அடித்தால் கருமணி சுருங்காது, தொண்டையைத் தொட்டால் இருமல் வராது. பார்க்க மூளைச்சாவு போலவே இருக்கும். அப்படிப்பட்டவர்களின் மூளை மின்வரைபடம் விழித்திருப்பவருடையதைப் போல இருந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மூளைச்சாவு என்று அறிவிக்கும் முன் காரணம் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும், நரம்பு தசை நோய் விலக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதிகள் கேட்பது இதற்காகத்தான். இந்த நிலையில் இருப்பவர் கட்டிலைச் சுற்றி நடக்கும் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். தேறாது என்று யாரோ சொல்வதும், செலவைப் பற்றி உறவினர் பேசுவதும் அவர் காதில் விழும். அதன் பிறகு அவருக்கு வரும் அச்சத்தை மாயை என்று எப்படிச் சொல்வது?

கேட்க வேண்டிய கேள்வி

இத்தனை வழிகளையும் வார்டில் பிரித்தறிய நல்ல ஒழுங்கு ஒன்று உண்டு. உடனே கொல்பவற்றை முதலில் விலக்க வேண்டும்: மூச்சு, கரியமில வாயு, சோடியம், சர்க்கரை, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று, மருந்துச் சீட்டு. தயமின் குறைவு என்ற சந்தேகம் இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஊசி போட்டுவிட வேண்டும். கண்ணசைவும் விழிப்பும் கெட்டால் மூளைத்தண்டை ஸ்கேன் செய்ய வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் காட்சிகள் தொடர்ந்தால், நோயாளியிடமே கேட்க வேண்டும்: "கண்ணை மூடினால் ஏதாவது தெரிகிறதா?" பேச முடியாதவருக்கு ஆம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை இமைக்கச் சொல்லலாம். ஆம் என்றால், இது உங்கள் நோயின் பகுதி, பலருக்கு வருகிறது, சில நாட்களில் போய்விடும் என்று சொல்ல வேண்டும். இரவில் விளக்கை அணைப்பது, தெரிந்த ஒரு குரல் பக்கத்தில் இருக்க அனுமதிப்பது, பகலில் சன்னலைத் திறப்பது எல்லாம் இதற்கு அடுத்தவை. விலை குறைந்தவை என்பதாலேயே நம் மருத்துவமனைகளில் இவை மருத்துவமாகக் கருதப்படுவதில்லை.

ஏன் கேட்கப்படுவதில்லை என்பதற்கு ஒரு காரணம் அளவுகோலில் இருக்கிறது. கில்லன் பாரே சிகிச்சை ஆய்வுகள் பெரும்பாலும் ஹியூஸும் சகாக்களும் 1978-இல் வகுத்த அளவையையே இன்றும் பயன்படுத்துகின்றன. நோயில்லாதவர் 0, இறந்தவர் 6. இடையில் ஓட முடிகிறதா, துணையின்றி நடக்கிறாரா, பிடித்துக்கொண்டு நடக்கிறாரா, கட்டிலோடு இருக்கிறாரா, வென்டிலேட்டரில் இருக்கிறாரா என்பதே கேள்வி. ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் பயன்தருபவை என்று நிறுவ இத்தகைய எண்கள் உதவின. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாம் எண்ணில் படுத்திருக்கும் இருவரில் ஒருவர் தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று இரவெல்லாம் நடுங்கியிருக்கலாம், மற்றவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அளவை இருவரையும் ஒன்றாகவே காட்டும்.

அளக்காததற்கு மருந்து தேடுவோர் இல்லை. மனக்கலக்கம் கண்ட நோயாளிகளுக்கு நரம்புச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது, வீடு திரும்பிய பிறகு அந்த நாட்கள் அவர்களை எவ்வளவு துரத்துகின்றன என்பனவற்றையெல்லாம் அறிய, மூச்சும் நாடியும் எழுதும் தாளில் தூக்கத்துக்கும் மனநிலைக்கும் ஒரு வரி ஒதுக்கினாலே போதிய தொடக்கம். புனேயில் நடந்தது போல ஒரே ஊரில் நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படுக்கும்போது அந்த ஒரு வரி, பிரெஞ்சுக் குழு பதினெட்டு மாதங்களுக்கு மேல் சேர்த்த அளவு தகவலைச் சில வாரங்களில் தந்துவிடும். அடுத்த பரவலின்போது அதை எழுதத் தவறினால், மறுபடியும் நடையையும் மூச்சையும் மட்டுமே எண்ணிக்கொண்டிருப்போம்.